பால்குடி மறந்த பிறகு

  

தாயைப் பற்றிப் பேசாத ஆலிம் இல்லை. ஜும்ஆ பயானிலும் பேசுகிறோம், மீலாது மேடையிலும் பேசுகிறோம். ஆனால் பேசுவதெல்லாம் பெரும்பாலும் பிள்ளைகளைப் பார்த்துத்தான். பெற்றவளிடம் ‘சீ’ என்றும் சொல்லாதே, அவள் முன் பணிவின் இறக்கையைத் தாழ்த்து, அவள் துஆவைத் தேடு என்கிறோம். சொல்ல வேண்டியதுதான். திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் உம்மாமார்கள் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கென்று நாம் சொன்னது என்ன? பிள்ளை வளர வளரத் தாயின் பாசம் எப்படி நடக்க வேண்டும், எங்கே பிடியைத் தளர்த்த வேண்டும், எங்கே தளர்த்தக் கூடாது என்பதை மார்க்கம் சொல்லாமல் விட்டுவிடவில்லை. ஆகவே இக்கட்டுரை தாய்மார்களை முன்னிறுத்தி எழுதப்படுகிறது. மகன்மார் படிப்பதற்குத் தடையில்லை.

அன்புத் தாய்மார்களே! குழந்தைக்குப் பால்குடி மறக்கடிப்பதைத் திருக்குர்ஆன் ‘ஃபிஸால்’ என்ற சொல்லால் குறிக்கிறது. அதன் மூலப்பொருள் ‘பிரித்தல்’ என்பதாகும். ஸூரத்துல் பகரா, ஸூரத்து லுக்மான், ஸூரத்துல் அஹ்காஃப் ஆகிய மூன்று இடங்களிலும் அதே சொல்தான். பகரா ஸூராவில் (2:233) இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பே பாலை நிறுத்த நாடினால், தாயும் தந்தையும் மனமொப்பி, கலந்து பேசிச் செய்ய வேண்டும் என்கிறான் அல்லாஹ். ஒரு பச்சிளம் பிள்ளையின் வாயிலிருந்து மார்பை எடுப்பதற்குக் கூட ஆலோசனை வேண்டும்!

நம் வீடுகளில் வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவிப் பாலை மறக்கடித்த உம்மாமார்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். பிள்ளை அழும். தாய்க்கோ பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். இருவருக்கும் நோவு. ஆனால் எந்தத் தாயும் ‘என் பிள்ளைக்கு வேப்பங்கசப்பைக் காட்டினேனே’ என்று பிறகு வருந்தியதில்லை. அடுத்த வாரமே அவன் சோற்றுக்குக் கை நீட்டுகிறான்.

இந்த ஃபிஸால் ஒரே தடவையோடு முடிந்துவிடுவதா? இல்லை. ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் படுக்கையைப் பிரித்துப் போடுங்கள் என்று ஹதீஸில் வருகிறது. மத்ஹபுச் சட்டங்களைப் பாருங்கள். கணவன் மனைவி பிரிந்துவிட்டால் சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கே. ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தன் வயிற்றையும் மார்பையும் மடியையும் சாட்சி சொல்லித் தன் மகனுக்காக முறையிட்டபோது, நீ மறுமணம் செய்யாத வரை உனக்கே உரிமை அதிகம் என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளைக்கு ஏழு வயது வரை. ஷாஃபிஈ மத்ஹபிலோ, பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும் தாயிடமா தந்தையிடமா என்று அவனையே தேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். பாசத்துக்கு முடிவு கிடையாது, பிடிக்கு முடிவு உண்டு. ஷரீஅத் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலக்கவில்லை. நாம்தான் கலந்து விடுகிறோம்.

உம்மு ஸுலைம் (ரலி) அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, பத்து வயது மகன் அனஸை அவர்களின் பணிவிடைக்கென ஒப்படைத்த தாய் இவர்கள்தாம். ‘என் மகனுக்கு துஆச் செய்யுங்கள்’ என்று அந்தத் தாய் கேட்க, செல்வத்துக்கும் சந்ததிக்கும் பரக்கத் வேண்டி அண்ணலார் துஆச் செய்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 90-க்குப் பின்னும் வாழ்ந்து, பிள்ளை பேரப்பிள்ளை என நூற்றுக்கு மேற்பட்டோரைக் கண்டார்கள். இதையெல்லாம் எல்லா மேடைகளிலும் சொல்வோம். நான் சொல்ல வந்தது வேறு, சிறிய சம்பவம். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

ஒருநாள் அனஸ் தெருவில் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் பிள்ளைகளுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, அனஸை ஒரு வேலைக்கு அனுப்பினார்கள். அதனால் வீடு திரும்பத் தாமதமாயிற்று. ஏன் இவ்வளவு நேரம் என்று தாய் கேட்டார்கள். அல்லாஹ்வின் தூதர் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார் மகன். என்ன வேலை என்று கேட்டார்கள். அது இரகசியம் என்றார் பிள்ளை.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். பெற்று, பாலூட்டி, கொண்டுபோய் விட்டதே அந்தத் தாய்தான். அந்தச் சிறுவன், ‘உங்களிடம் சொல்ல மாட்டேன்’ என்கிறான். நம் வீட்டில் என்ன நடக்கும்? ‘என்னிடமே மறைக்கிறாயா? நேற்றுப் பிறந்தவன், அதற்குள் உனக்கு இரகசியமா?’ என்று வீடு இரண்டுபடும். உம்மு ஸுலைம் (ரலி) அவர்களோ, அல்லாஹ்வின் தூதருடைய இரகசியத்தை எவரிடமும் சொல்லிவிடாதே என்று மகனுக்கே உபதேசம் செய்தார்கள். தான் கேட்ட கேள்வியைத் தானே திருப்பி எடுத்துக்கொண்டு, மகனின் அமானிதத்துக்குக் காவலும் ஆனார்கள். அவர் அதைக் கடைசி வரை காத்தார். முதிய வயதில் தம் மாணவர் தாபித் அவர்களிடம் இதை அறிவித்தபோதும், எவருக்காவது சொல்வதாக இருந்தால் உமக்குத்தான் சொல்லியிருப்பேன் என்றாரே தவிர, அது என்ன என்று சொல்லவில்லை. இன்றுவரை உம்மத்துக்கு அது தெரியாது.

மகனுக்கு நிக்காஹ் முடித்த தாய்மார்கள் இதைப் பலமுறை ஓதிப் பார்க்க வேண்டும். அறைக்குள் மருமகளோடு என்ன பேசினான், சம்பளத்தில் அவளுக்கு எவ்வளவு கொடுத்தான், அவளுடைய வாப்பா வீட்டுக்கு என்ன வாங்கிப் போனான் என்று துருவித் துருவிக் கேட்பதை நாம் பாசம் என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம். ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா கிதாபில் எழுதியிருப்பதைக் கேளுங்கள். மனைவிக்குக் கணவன் அளிக்க வேண்டிய இருப்பிடத்தில் அவனுடைய உறவினர் எவரும் இருக்கக் கூடாது, அவளே சம்மதித்தால் தவிர. பெரிய வீட்டில் தனி அறை ஒன்று கொடுத்து, அதற்குப் பூட்டும் இருந்தால் போதுமானது. ஆம், பூட்டு! எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு ஃபகீஹ், மருமகளின் அறைக்குப் பூட்டு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பூட்டின் சாவி மாமியின் இடுப்பில் தொங்குவதற்காக அதை எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்கக் கசக்கும், வேப்பங்கொழுந்துதான். மாமிக்குப் பணிவிடை செய்வது மருமகளுக்கு ஃபர்ளு அல்ல. அது மகனின் கடமை. அவள் செய்தால் இஹ்ஸான், பேருபகாரம், அல்லாஹ்விடம் அதற்குக் கூலி உண்டு. ஃபர்ளை விட்டவளைப் போல அவளை ஏசுவதற்கு நமக்கு உரிமை இல்லை. இதைச் சொன்னால் ‘ஹஜ்ரத் மருமகள்கள் கட்சி’ என்று சிலர் நினைக்கலாம். இன்றைய மருமகள் நாளைய மாமி. என் கட்சி எதுவென்று அப்போது தெரியும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வழக்கமே வேறு. அங்கே மகள் தாயோடு இருப்பாள், மகன்தான் மாப்பிள்ளையாகிப் பெண்வீட்டுக்குப் போவான். அவ்வூர் உம்மாமார்கள் மகனை அடுத்த தெருவுக்கே ‘சபர்’ அனுப்பிப் பழகியவர்கள். காலையில் வந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போகும் மகனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தைக் குறை சொல்லியே கழிக்கும் தாயும் உண்டு, பசியாறச் சொல்லி அனுப்பும் தாயும் உண்டு. மகனின் கால்கள் எந்த வாசலுக்கு விருப்பத்தோடு வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

உண்மையான சபருக்கு வருவோம். நம் சமுதாயத்து உம்மாமார்களைப் போல் பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் அனுப்பியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சைகோன் என்று ஒரு காலம். 1970-களில் எண்ணெய்ப் பணம் பெருகிய பிறகு துபாய், ஜித்தா, குவைத் என்று மறு காலம். ஏர்மெயில் கடிதத்தை எழுத்துத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, மறுநாளும் அதையே படிக்கச் சொன்ன தாய்மார்கள் இருந்தார்கள். பிறகு கேசட்டில் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். இப்போது கைபேசியில் முகமே தெரிகிறது. ஆனால் தொட முடியாது.

மூஸா (அலை) அவர்களின் தாயாரை எண்ணிப் பாருங்கள். அந்த அம்மையாரின் பெயரைத் திருக்குர்ஆன் சொல்லவில்லை. அவர்களின் இதயத்தைச் சொல்கிறது. ஸூரத்துல் கஸஸில் (28:7-13) விவரம் வருகிறது. பாலூட்டு, பயம் வந்தால் ஆற்றில் விட்டுவிடு, அஞ்சாதே, கவலைப்படாதே, உன்னிடமே திருப்பித் தருவோம் என்று அல்லாஹ் உதிப்பாக்கினான். வாக்களித்தவன் அல்லாஹ். அப்படியிருந்தும் விடிந்தபோது அத்தாயின் இதயம் வெறுமையாகிவிட்டது என்கிறான். அவர்களின் இதயத்தை நாம் உறுதிப்படுத்தியிராவிட்டால் உண்மையை வெளிப்படுத்தியே இருப்பார்கள் என்றும் சொல்கிறான். ரப்புடைய வாக்கு கையில் இருக்கும்போதே மனம் காலியாகிப் போனதென்றால், மகனை விமானம் ஏற்றிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பும் தாயின் மனத்தைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா? அந்த வெறுமை ஈமானின் குறைவு அல்ல. அதை அல்லாஹ் கண்டிக்கவில்லை.

அடுத்து அத்தாய் என்ன செய்தார்கள்? ஆற்றில் இறங்கி ஓடவில்லை. மகளை அழைத்து, அவனைப் பின்தொடர்ந்து போ என்றார்கள். அந்தச் சகோதரியும் எவரும் அறியாதபடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே போனாள். இதுதான் வளர்ந்த பிள்ளையின் மீது செல்ல வேண்டிய பாசம். கண் அவன் மீது இருக்கும், கை அவன் மீது இருக்காது. நேரம் வந்தபோது, எந்தச் செவிலியின் பாலையும் ஏற்காத குழந்தையை, அத்தாயின் கண் குளிரும்படி அல்லாஹ் மடியிலேயே கொண்டுவந்து சேர்த்தான்.

இதை வைத்து, ‘அப்படியானால் நாங்கள் எங்கே போனாலும் உம்மா வாய் திறக்கக் கூடாது’ என்று மகன்மார் எண்ணிவிட வேண்டாம். பெற்றோரை அழ வைத்துவிட்டு ஹிஜ்ரத் செய்ய வந்த ஒருவரை, திரும்பிப் போய் அவர்களை அழ வைத்தது போலவே சிரிக்க வை என்று நபி (ஸல்) அவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஹிஜ்ரத்துக்கே இந்த நிலையென்றால் மற்றதைப் பேசுவானேன்? தாயின் அனுமதிக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதால்தான், அதை எடுத்ததற்கெல்லாம் வீசக் கூடாது என்கிறேன்.

இனி, குடும்பங்களை மிகவும் உடைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வயதான உம்மா ஒருவர் மஸ்அலா கேட்டு மதரஸாவுக்கு வந்தார். மூன்று ஆண்மக்கள், ஒரு மகள். மூத்தவர் இருவரும் வெளிநாட்டில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். கடைசி மகன் ஊரிலேயே தாயோடு இருப்பவன், வியாபாரம் நொடித்துப் போனவன். வீடு தாயின் பெயரில் இருக்கிறது. ‘ஹஜ்ரத், வீட்டைச் சின்னவனுக்கு எழுதிவிடப் போகிறேன். மற்ற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். ஷரீஅத்தில் கூடுமா?’ என்றார்.

அவருக்கு நான் அம்ரா பின்த் ரவாஹா (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். பஷீர் (ரலி) அவர்களின் மனைவி, கவிஞர் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் சகோதரி. தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருடம் இழுத்தடித்த பிறகு பஷீர் அவர்கள் ஓர் அடிமையை மகனுக்குக் கொடுத்தார்கள். தாய்க்கு அதுவும் போதவில்லை. அல்லாஹ்வின் தூதரைச் சாட்சியாக்கினால்தான் எனக்குத் திருப்தி என்றார்கள். தந்தை அந்தச் சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் போனார்கள். உமக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். எல்லோருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அநியாயத்துக்கு என்னைச் சாட்சியாக்காதீர் என்று மறுத்துவிட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் உமக்குச் சமமாக நன்மை செய்ய வேண்டும் என்று நீர் விரும்பவில்லையா என்றும் கேட்டார்கள். பஷீர் (ரலி) அவர்கள் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இதை அறிவிப்பவர் யார் தெரியுமா? அந்த நுஃமான் (ரலி) அவர்களேதாம். வளர்ந்து பெரியவராகி, மிம்பரில் நின்று சொன்னார்கள். யாருக்காகத் தாய் வாதாடினாரோ அந்த மகனே, தன் கைக்கு வந்து போன பொருளின் கதையை மக்களுக்கு மார்க்கமாக எடுத்துரைத்தார்.

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடம் இப்படிச் சமமாகக் கொடுப்பது வாஜிபு. மற்ற மூன்று இமாம்களிடம் அது விரும்பத்தக்கது, வேறுபாடு காட்டுவது மக்ரூஹ். கடன், நோய், வறுமை போன்ற தேவை இருந்தால் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்க இடம் தந்த ஃபகீஹ்களும் உண்டு. ஆகவே, ‘உம்மா, சின்னவருடைய கஷ்டம் ஒரு காரணம்தான். ஆனால் மறைப்பதற்கு என்ன காரணம்?’ என்று கேட்டேன். மௌத்துக்குப் பிறகு சேரட்டும் என்று வஸிய்யத் எழுதினாலும், வாரிசுக்கு வஸிய்யத் மற்ற வாரிசுகள் இசையாமல் செல்லாது என்பதையும் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘சமமாகக் கொடுத்துவிடலாம் ஹஜ்ரத். ஆனால் மனசு அவன் பக்கம்தானே ஓடுகிறது. அதற்கு ஆண்டவன் கேள்வி கேட்பானா?’ என்றார். எவ்வளவு நேர்மையான கேள்வி! யஃகூப் (அலை) அவர்களின் மனம் யூஸுஃப் (அலை) பக்கம் சாய்ந்தது என்று மற்ற மக்கள் குமுறியதைத் திருக்குர்ஆனே சொல்கிறது. உள்ளத்தின் சாய்வு அடியானின் கையில் இல்லை, அதற்குக் கேள்வி இல்லை. கை கொடுப்பதற்கும் நாக்கு பேசுவதற்கும்தான் கேள்வி உண்டு என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள்.

அந்த உம்மா போய் நான்கு பேரிடமும் விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மூத்தவர் இருவரும் இசைந்தார்கள். மகள் இசையவில்லை, அவளுக்கும் கஷ்டம் இருந்தது. அது அதுவரை தாய்க்கே தெரியாது! வீடு இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. சின்னவருக்கு அண்ணன்மார் சேர்ந்து ஒரு கடை வைத்துக் கொடுத்தார்கள். பெருநாளைக்கு எல்லோரும் அந்த வீட்டில்தான் கூடுகிறார்கள்.

நாக்கு என்றேன். தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் எதிராக துஆக் கேட்காதீர்கள், அது கபூலாகும் நேரத்தோடு பொருந்திவிடலாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தொழுகையில் இருந்த ஜுரைஜ், தாய் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை. அத்தாய் கேட்ட பத்துவா அந்த வணக்கசாலியையே சோதனையில் மாட்டிவிட்டது. இந்த ஹதீஸைப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாகவே சொல்கிறோம். தாய்க்கும் இதில் எச்சரிக்கை உண்டு. கையில் இருப்பது எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்று தெரிந்தவள் அதைச் சமையற்கட்டில் சாதாரணமாக வீச மாட்டாள்.

பிள்ளைக்கு நரை விழுந்தாலும் தாய்க்கு அவன் பிள்ளைதான். ஹிஜ்ரி 73-ல் மக்காவை ஹஜ்ஜாஜின் படை முற்றுகையிட்டிருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் தம் தாயாரிடம் யோசனை கேட்க வந்தார்கள். தாயார் அஸ்மா (ரலி) அவர்களுக்கோ நூறு வயதை நெருங்கிய முதுமை, பார்வையும் இல்லை. நீ சத்தியத்தில் இருப்பதாக அறிந்தால் அதன் மீதே செல் என்றார்கள். விடைபெறும்போது மகனைத் தழுவிய கையில் இரும்புக் கவசம் தட்டுப்பட்டது, இது எதற்கு என்று கேட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மகன் அதைக் கழற்றிவிட்டுப் போனார்கள். கண்ணில்லாத தாய் கையால் தடவித்தான் பிள்ளையைப் பார்த்தார்கள். போகாதே என்று அந்தக் கை பிடித்து நிறுத்தவில்லை.

தாயும் மகனும் வேறு வேறு வீட்டில் இருப்பதே பாசக் குறைவு என்று எண்ணுபவர்களுக்கு அபூஹுரைரா (ரலி) அவர்களின் நடைமுறையைச் சொல்லி நிறுத்துகிறேன். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அல்அதபுல் முஃப்ரத் நூலில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் ஒரு வீட்டில் இருந்தார்கள், தாயார் வேறொரு வீட்டில் இருந்தார்கள். வெளியே கிளம்பும்போதெல்லாம் தாயாரின் வாசலில் வந்து நின்று ஸலாம் சொல்வார்கள். தாயார் உள்ளிருந்து பதில் ஸலாம் சொல்வார்கள். சிறுவயதில் என்னை வளர்த்ததற்காக அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்வானாக என்பார் மகன். வயதான காலத்தில் எனக்கு நீ செய்யும் உபகாரத்துக்காக உனக்கும் அவன் ரஹ்மத் செய்வானாக என்பார் தாய். திரும்பி வரும்போதும் அவ்வாறே செய்வார்கள்.